தோட்டச் சாலைக்கு 30 கி.மீ. வேகக் கட்டுப்பாடு: மாநில அரசிடம் கேட்பதா, வேறு யாரிடம் கேட்பது?

செம்மண்சாலை எழுதியது:

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் அடுத்த மாதம் சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்கிறது. "பேராக் மாநிலப் போக்குவரத்து, சாலைப் பாதுகாப்புச் சட்டங்களைப் புதுப்பிக்க வேண்டுதல்" என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள். அனுப்புவதற்கு முன் விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இடத்தின் அமைப்பு இது. கூட்டரசு (மத்திய அரசு) சாலை 5இல் ஒரு சிம்பாங் (சந்திப்பு). அங்கிருந்து தோட்டத்துச் சாலை உள்ளே போகிறது. 300 மீட்டரில் பள்ளி, 1.2 கிலோமீட்டரில் தொழிலாளர்களின் லயன் வீடுகள், அதற்கும் அப்பால் கோயில். பள்ளி வரைக்கும் தார், பிறகு செம்மண். செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் இதே வழியாகத்தான் ஆலைக்குப் போகின்றன. வெளியே வரும்போது வலது பக்கம் மரங்கள் மறைப்பதால் பெரிய சாலையில் என்ன வருகிறது என்று தெரியாது. 14, 15 வயதுப் பையன்கள் மோட்டாரில் (மோட்டார் சைக்கிளில்) போய்வருகிறார்கள்.

மனுவில் இருக்கும் கோரிக்கைகள்:
1. தோட்டச் சாலையில் 30 கி.மீ. வேகம்.
2. பள்ளி தொடங்கும் நேரத்திலும் முடியும் நேரத்திலும் லோரிகளுக்குத் தடை.
3. வயது வராதவர்கள் மோட்டார் ஓட்டினால் அவர்களுக்கும் பெற்றோருக்கும் தண்டனை.
4. மூன்று இடத்தில் மேட்டுத்தடை (வேகத்தைக் குறைக்கும் மேடு): உள்ளே இரண்டு, பெரிய சாலையில் சிம்பாங்குக்கு முன் ஒன்று.
5. குடித்துவிட்டு ஓட்டுவோருக்கான அளவைக் குறைத்துத் தண்டனையைக் கூட்ட வேண்டும்.

இவற்றில் மாநிலம் செய்யக்கூடியது எது? "தோட்டச் சாலை தனியார் நிலம், அங்கே எந்தச் சட்டமும் செல்லாது" என்று கூட்டத்தில் சிலர் சொல்கிறார்கள். அது சரியா?

---

பிரிவு333 எழுதியது:

முதலில் தலைப்பை மாற்றுங்கள். "பேராக் மாநிலப் போக்குவரத்துச் சட்டம்" என்று ஒன்று இல்லை. நாடு முழுவதற்கும் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் (சட்டம் 333) ஒன்றுதான். தரைப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. அபராதத்தை உயர்த்துவதும், லைசென்ஸ் வயதை மாற்றுவதும், மதுவின் அளவைக் குறைப்பதும் நாடாளுமன்றத்தின் வேலை. சட்டமன்ற உறுப்பினர் எவ்வளவு அக்கறையோடு எடுத்துப் பேசினாலும் 3ஐயும் 5ஐயும் அவர் மன்றத்தில் நிறைவேற்ற முடியாது. மனு அவர் மேசையிலேயே தங்கிவிடும்.

அதைவிட முக்கியம், 5ஆவது கோரிக்கை ஏற்கெனவே சட்டமாகிவிட்டது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அதே ஆண்டு அக்டோபர் 23இல் நடப்புக்கு வந்தது. மூச்சுச் சோதனையின் வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 35 மைக்ரோகிராமிலிருந்து 22 ஆக இறங்கியது. இரத்தத்தில் 80 மில்லிகிராம் இப்போது 50, சிறுநீரில் 107 இப்போது 67. போதையில் ஓட்டி ஒருவரைச் சாகடித்தால் 44ஆம் பிரிவின்படி 10 முதல் 15 ஆண்டு சிறையும் 50,000 முதல் 100,000 ரிங்கிட் அபராதமும். காயப்படுத்தினால் 7 முதல் 10 ஆண்டு, 30,000 முதல் 50,000 ரிங்கிட். யாருக்கும் அடிபடாமல் வரம்பை மட்டும் மீறியிருந்தாலும் 45ஏ பிரிவின்படி 10,000 முதல் 30,000 ரிங்கிட் அபராதம், 2 ஆண்டு வரை சிறை. மது அருந்தாமலே அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவித்தால் 41ஆம் பிரிவு: 5 முதல் 10 ஆண்டு, 20,000 முதல் 50,000 ரிங்கிட்.

தோட்டங்களில் இது சரியாகப் போய்ச் சேரவில்லை. "மோட்டார் தானே, கார் இல்லையே" என்ற எண்ணம் பலருக்கு உண்டு. சட்டத்தில் இருப்பது "மோட்டார் வாகனம்" என்ற சொல். கப்சாய் என்ற சிறிய மோட்டார் சைக்கிளும் அதில் அடக்கம். சம்சு (மலிவு மது) கடையிலிருந்து லயத்துக்கு ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் அதே பிரிவுதான். மனுவில் இதை மாற்றச் சொல்வதை விட்டுவிட்டு, மாலை நேரத்தில் அந்தச் சிம்பாங்கில் மூச்சுச் சோதனை நடத்தும்படி மாவட்டப் போலீஸ் தலைமையகத்தின் போக்குவரத்துப் பிரிவுக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். அதைச் செய்ய அவர்களுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

வேகமும் அப்படியே. வேக வரம்பை நிர்ணயிப்பது 69ஆம் பிரிவின் கீழ் அமைச்சர். மாநிலத்துக்கு அதில் பங்கே இல்லை.

---

எல்லைக்கல் எழுதியது:

மேலே சொன்னதில் கடைசி வரியைத் திருத்த வேண்டும். மாநிலத்துக்குப் பங்கே இல்லை என்பது சரியல்ல. அதே ஒன்பதாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 6ஆவது இனத்தைப் பாருங்கள். மத்தியப் பட்டியலில் வராத சாலைகள், பாலங்கள், படகுத்துறைகளும், அத்தகைய சாலைகளில் வாகனங்களின் எடையையும் வேகத்தையும் ஒழுங்குபடுத்துவதும் மாநிலத்துக்கு உரியவை. நடைமுறையில் எல்லாம் சட்டம் 333 வழியாகவே நடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் மாநிலச் சாலை ஒன்றில் கனரக வண்டியைக் கட்டுப்படுத்தும்படி மாநிலத்தைக் கேட்க உங்களுக்கு அடிப்படை இருக்கிறது. கூட்டரசு சாலையில் அது கிடையாது.

ஆகவே, கடிதம் எழுதுமுன் சாலை யாருடையது என்று முடிவு செய்ய வேண்டும். கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். வெறும் எண் (5) இருந்தால் கூட்டரசு சாலை. எண்ணுக்கு முன் "ஏ" எழுத்து இருந்தால் பேராக் மாநிலச் சாலை. சிலாங்கூருக்கு "பி", ஜொகூருக்கு "ஜே", கெடாவுக்கு "கே". இரண்டையும் மாவட்ட ஜேகேஆர் (பொதுப்பணித் துறை) அலுவலகமே பராமரிக்கும், ஆனால் பணம் வருவது வேறு வேறு இடத்திலிருந்து. முடிவெடுப்பவர்களும் வேறு. கூட்டரசு சாலைக்குப் பொதுப்பணி அமைச்சு, மாநிலச் சாலைக்கு மாநில அரசு.

கல்லும் எண்ணும் இல்லாத சாலை என்றால், அது மாரிஸ் என்ற சாலைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று ஊராட்சி மன்றத்திலோ மாவட்ட அலுவலகத்திலோ கேளுங்கள். மாநிலச் சாலைகளைப் பராமரிக்க மத்திய அரசு ஆண்டுதோறும் மாநிலங்களுக்குக் கொடுக்கும் சாலை மானியம் அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. பதிவில் இல்லாத சாலைக்கு அந்த மானியத்திலிருந்து ஒரு வண்டி கல்கூடக் கொட்ட முடியாது. உங்கள் உள்சாலை, தோட்ட நிறுவனத்தின் பட்டா நிலத்துக்குள் ஓடுவதால் பதிவில் ஏறாது. "ஆண்டுக்கணக்காகக் கேட்கிறோம், மன்றம் குழியை அடைக்கவில்லை" என்ற மனத்தாங்கல் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. பதிவில் ஏற வேண்டுமானால் நிறுவனம் அந்தச் சாலைப் பகுதியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். நில அலுவலகம் அளந்து, தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி சாலை ஒதுக்கீடாக அரசிதழில் அறிவிக்க வேண்டும். அகலமும் ஒரு தடை. ஒதுக்கீடு என்றால் வழக்கமாக 66 அடி எதிர்பார்ப்பார்கள். 20 அடித் தார்ச்சாலையை மட்டும் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். இரு பக்கமும் ஒரு வரிசை மரம் போகும்.

இதில்தான் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு உண்மையான வேலை இருக்கிறது. நிலம் மாநிலத்தின் அதிகாரம். பள்ளி வரைக்குமான அந்த 300 மீட்டரை மட்டும் ஒப்படைக்க நிறுவனத்தோடு பேசித் தரும்படி அவரைக் கேளுங்கள். முழு 1.2 கிலோமீட்டரையும் கேட்டால் பேச்சு இழுத்துக்கொண்டே போகும்.

---

பிரிவு333 எழுதியது:

எல்லைக்கல் சொன்னது சரி, அந்த வரியை நான் அவசரத்தில் எழுதிவிட்டேன். மாநிலப் பட்டியல் 6 மாநிலச் சாலைக்குப் பொருந்தும்.

"தனியார் நிலத்தில் சட்டம் செல்லாது" என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். செல்லும். சட்டம் 333இன் 2ஆம் பிரிவில் "சாலை" என்பதற்கு இரண்டு பொருள் உண்டு: பொதுச் சாலை, மேலும் பொதுமக்கள் சென்றுவரும் வேறு எந்தச் சாலையும். நிலம் யாருடையது என்பது அங்கே கேள்வியே இல்லை. அங்கே ஜாகா (காவலாளி) இருக்கிறாரா, பூம் கம்பம் இறங்கி ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திக் கேட்கிறார்களா, வேலையாட்கள் தவிர மற்றவர்களைத் திருப்பி அனுப்புகிறார்களா என்றுதான் பார்ப்பார்கள். பள்ளிப் பேருந்தும், தபால்காரரும், கோயிலுக்கு வரும் வெளியூர்க்காரர்களும், மீன் வண்டியும் கேள்வி இல்லாமல் போய்வரும் வழி பொதுமக்கள் சென்றுவரும் சாலை. "ஜாலான் பெர்செண்டிரியான்" (தனியார் சாலை) என்று பலகை மட்டும் நட்டுவிட்டு வழியைத் திறந்து வைத்திருந்தால் பலகை அதை மாற்றாது. பள்ளிக்கு அப்பால், சங்கிலி போட்டுப் பூட்டிய பிளாக்குகளுக்கு நடுவே குலை எடுக்கும் பாதைகள் வேறு கணக்கு.

இதில் காப்புறுதி விஷயமும் அடங்கியிருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 90ஆம் பிரிவின்படி சாலையில் ஓடும் எந்த மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி வேண்டும். தோட்டத்துக்குள் மட்டும் ஓடுகிறது என்று காப்புறுதியும் ரோட்டெக்சும் (சாலை வரி) எடுக்காமல் விட்ட பழைய மோட்டார் பள்ளிப் பிள்ளையை இடித்தால் நட்டஈடு கொடுக்கக் காப்புறுதி நிறுவனம் எதுவும் இருக்காது. ஓட்டியவர் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் 1,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், அதோடு 12 மாதம் லைசென்ஸ் தகுதி நீக்கம். இன்னொன்று: கட்டாயக் காப்புறுதி மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து போகும் குடும்பத்தாரைக் காப்பதில்லை. தந்தை ஓட்டி, பின்னால் இருக்கும் மகள் விழுந்தால் அந்தப் பாலிசியிலிருந்து அவளுக்கு ஒன்றும் வராது. வேலைக்குப் போகும் வழியில், அல்லது வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் தொழிலாளிக்கு அடிபட்டால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) கேட்கலாம். பிள்ளைகளுக்கு அது இல்லை.

---

செம்மண்சாலை எழுதியது:

மிக்க நன்றி. கேட் கிடையாது, ஜாகா ஸ்டோர் பக்கம்தான் இருப்பார். அப்படியானால் சாலை என்றே கொள்கிறோம். கல்லில் வெறும் 5 மட்டும் இருக்கிறது.

மேட்டுத்தடை பற்றி யாராவது விளக்குங்கள். பெற்றோர்கள் அதைத்தான் பெரிதாகக் கேட்கிறார்கள். இளைஞர்கள் சிலர் சிமெண்டு வாங்கித் தாங்களே போட்டுவிடலாம் என்கிறார்கள்.

---

தார்மட்டம் எழுதியது:

தாங்களே போட வேண்டாம். பெரிய சாலையில் போட்டால் அது சாலையைத் தடுக்கும் குற்றம். இரவில் ஒருவர் அதில் விழுந்தால் போட்டவர்கள் மீது வழக்கு வரும். 90 கி.மீ. வரம்புள்ள சாலையில் ஜேகேஆரும் மேட்டுத்தடை போடாது. அந்த வேகத்தில் வரும் மோட்டாரின் முன்சக்கரம் எழும்பி ஆள் தூக்கி எறியப்படுவார். நம் நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் ஓட்டிகளும் பின்னால் இருப்பவர்களும். அவர்களைக் காப்பாற்ற வைக்கும் தடை அவர்களையே விழுத்தக்கூடாது.

பெரிய சாலையில் நீங்கள் கேட்க வேண்டியது வேறு. தூரக் கணக்கைப் பாருங்கள். 90 கி.மீ. என்றால் நொடிக்கு 25 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க 2.5 நொடி என்று பொறியாளர்கள் கணக்கிடுவார்கள். அதற்குள் 62 மீட்டர் போய்விடும். அதன்பின் நிற்க இன்னும் 90 மீட்டருக்குச் சற்று மேல். ஆக 155 மீட்டர். 60 கி.மீ. என்றால் 83 மீட்டர், 30 கி.மீ. என்றால் 31 மீட்டர். இது காருக்கான கணக்கு. சுமை ஏற்றிய லோரிக்கு, அதுவும் மழையில், இன்னும் கூடும். உங்கள் சிம்பாங்கில் வலது பக்கம் 155 மீட்டர் தெரிகிறதா என்று அளந்து பாருங்கள். தார் விளிம்பிலிருந்து 4.5 மீட்டர் உள்ளே, காரில் உட்கார்ந்தவர் கண் உயரத்தில் நின்று பாருங்கள். இன்னொருவர் சாலை ஓரமாக நடந்துபோய், அவர் மறையும் இடத்தில் குச்சி நடட்டும். 60, 70 மீட்டரில் மறைந்தால் உங்கள் மனுவின் முதல் வரி அதுதான். எண்ணோடு, படத்தோடு கொடுத்தால் ஜேகேஆர் பொறியாளர் நேரில் வந்து பார்த்தே ஆக வேண்டும்.

மறைக்கும் மரம் சாலை ஒதுக்கீட்டுக்குள் இருந்தால் ஜேகேஆர் வெட்டும். நிறுவனத்தின் நிலத்தில் இருந்தால் நிறுவனத்தைக் கேட்க வேண்டும். செம்பனை சுமார் 9 மீட்டர் இடைவெளியில் ஒரு ஹெக்டருக்குச் சுமார் 136 மரம் நடுகிறார்கள். பார்வை மூலையைத் திறக்க வழக்கமாக ஐந்தாறு மரம் போதும். ஒரு ஹெக்டரில் இருபதில் ஒரு பங்கைவிடக் குறைவு. எந்த மேலாளரும் இந்த அளவைக் கணக்குப் பார்த்து மறுக்க முடியாது.

பெரிய சாலைக்கு ஜேகேஆரிடம் கேட்க வேண்டியவை: இரு பக்கமும் சிம்பாங் எச்சரிக்கைப் பலகை, சிம்பாங்குக்கு முன் தொகுதி தொகுதியாக மஞ்சள் குறுக்குக் கோடுகள் (தெர்மோபிளாஸ்டிக்கில் சில மில்லிமீட்டர் உயரமாகப் போடுவது, டயர் அதிர்ந்து ஓட்டுநர் விழித்துக்கொள்வார்), சிம்பாங்கில் ஒரு விளக்கு, வேக வரம்பைக் குறைப்பதற்கான வேக ஆய்வு. அந்த ஆய்வில் நூறு வண்டிகளில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்று அளப்பார்கள். வெறும் பலகையை மட்டும் 60 என்று மாற்றினால், திறந்த நேர்ச்சாலையில் யாரும் குறைப்பதில்லை. கோடும் விளக்கும் சேர்ந்தால்தான் பலகைக்கு மதிப்பு. குறுக்குக் கோட்டுக்கு ஒரு குறை உண்டு: பக்கத்தில் வீடு இருந்தால் இரவு முழுக்கச் சத்தம் கேட்கும். லயன் 1.2 கிலோமீட்டர் உள்ளே என்பதால் உங்களுக்குத் தொல்லை இல்லை.

உள்சாலையில் மேட்டுத்தடை போடலாம், நிறுவனம் போட வேண்டும். கடையில் விற்கும் ஒரு அடி அகல ரப்பர் பட்டை வேண்டாம். அதில் மோட்டார் துள்ளும், லோரி குலுங்கிக் குலை கீழே விழும், ஆணி கழன்று சில மாதங்களில் பாதிப் பட்டை காணாமல் போகும். அகல மேடு போடச் சொல்லுங்கள்: 3.7 மீட்டர் நீளம், நடுவில் 75 மில்லிமீட்டர் உயரம், இரு பக்கமும் வளைந்து இறங்குவது. பள்ளிக் கேட்டுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று, இரண்டுக்கும் நடுவே 80 முதல் 100 மீட்டர். மேட்டின் மேல் வெள்ளைக் கோடு, 30 மீட்டர் முன்னால் பலகை, இரவில் தெரிய விளக்கு. தண்ணீர் ஓட ஓரத்தில் இடைவெளி வேண்டும், ஆனால் ஒரு கை அகலத்துக்கு மேல் விடாதீர்கள். அகலமாக விட்டால் எல்லா மோட்டாரும் அந்த இடுக்கில்தான் போகும், பிள்ளைகள் நடப்பதும் அதே ஓரத்தில்தான்.

இன்னும் ஒன்று. லோரிச் சக்கரத்தில் ஒட்டிய செம்மண் பெரிய சாலையில் படிகிறது. மழை தூறினால் அதுவும் உதிர்ந்த பழத்தின் எண்ணெயும் சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். மோட்டார்கள் அங்கேதான் சறுக்குகின்றன. உங்களுக்குப் பள்ளி வரை தார் இருக்கிறது. அந்தத் தார் தொடங்கும் இடத்தில் ஆற்று மணலோ கல்லோ 20 மீட்டர் பரப்பி, சேறு அங்கேயே உதிரும்படி செய்யச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வாரம் இருமுறை சிம்பாங்கைக் கூட்டிக் கழுவுவதும் நிறுவனத்தின் வேலை.

---

எல்லைக்கல் எழுதியது:

ஜேகேஆருக்கு மனு கொடுக்கும்போது விபத்து எண்ணிக்கை இல்லாமல் போகாதீர்கள். ஒரு இடம் எவ்வளவு அபாயமானது என்று வரிசைப்படுத்த அவர்கள் புள்ளி போடுகிறார்கள்: மரணத்துக்கு 6, பலத்த காயத்துக்கு 3, சிறு காயத்துக்கு 0.8, வண்டிச் சேதம் மட்டும் என்றால் 0.2. ஒரு மரணம், இரண்டு பலத்த காயம், ஐந்து சிறு காயம், பத்துச் சேதம் என்றால் 6 + 6 + 4 + 2 = 18 புள்ளி. போலீஸ் ரிப்போர்ட் இல்லாத விபத்துக்குப் புள்ளி இல்லை.

தோட்டத்தில் விழுந்து எழுந்து கிளினிக்கில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தவறு தன் பக்கம் என்றால் சம்மன் வரும் என்று பயந்தும் ரிப்போர்ட் செய்வதில்லை. சட்டம் 333இன் 52ஆம் பிரிவின்படி 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் கட்டாயம். செய்யாமல் விட்டால் சட்டப்படி குற்றம், பதிவேட்டிலும் அது விபத்தே நடக்காத இடமாகத் தெரியும். ரிப்போர்ட்டில் "தோட்டத்துக்குப் பக்கத்தில்" என்று எழுதவிடாதீர்கள். சாலை எண், கிலோமீட்டர் கல், சிம்பாங்கின் பெயர் மூன்றும் இருக்கட்டும். ஒரே சிம்பாங்கில் நடந்த விபத்துகள் மூன்று விதமாக எழுதப்பட்டால் மூன்று இடமாகப் பிரிந்து, எதுவுமே பட்டியலில் மேலே வராது.

---

கிராணிமேசை எழுதியது:

2ஆவது கோரிக்கையை யாரும் தொடவில்லை. லோரி நேரம் பற்றியது. அதற்குச் சட்டமே வேண்டாம்.

குலை வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ந்தால் போதும் என்பதுதான் தோட்டத்து வழக்கம். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் கூடும், விலை குறையும். பள்ளி கூடுகிற 40 நிமிடமும் விடுகிற 40 நிமிடமும் லோரியைப் பிளாக்கிலேயே நிறுத்தி வைத்தால் அந்த 24 மணியில் ஒன்றும் கெட்டுப்போகாது. மேலாளர் ஒரு சுற்றறிக்கை போட்டு, லோரி கொந்திராக்டரின் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. அதே வரியில் உள்சாலை வேகம் 30, வலை கட்டாமல் வெளியே போகக்கூடாது என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

மேலாளர் இசையவில்லை என்றால் இரண்டு பிடி இருக்கிறது. ஒன்று, 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் (சட்டம் 514). அதன் 17ஆம் பிரிவு, தன் தொழிலாளர் அல்லாதவர்களுக்கும் தன் வேலையால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை என்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதில் நேரடியாக வருகிறார்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2024 ஜூன் 1இல் நடப்புக்கு வந்தபோது இந்தக் குற்றத்துக்கான அபராத உச்சம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆனது. உங்கள் தலைப்பில் "சட்டத்தைப் புதுப்பிக்க" என்று இருக்கிறதே, தோட்டத்துக்கு மிகவும் பயன்படும் புதுப்பித்தல் இதுதான். இரண்டு, எம்எஸ்பிஓ (மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்) சான்றிதழ். செம்பனைத் தோட்டங்களுக்கு 2020 முதல் கட்டாயம். அந்தச் சான்றிதழ் வைத்திருக்கும் நிறுவனம் புகாரை வாங்கிப் பதிந்து பதில் தர வேண்டும். தோட்ட அலுவலகத்தில் புகார்ப் புத்தகம் கேளுங்கள். தேதி, நேரம், லோரி எண் போட்டு எழுதி, பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தணிக்கைக்கு வருபவர்கள் அந்தப் புத்தகத்தைப் பார்ப்பார்கள்.

அதிகச் சுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். லோரியின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு எடைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: "பெராட் டெங்கான் முவாத்தான்" என்பது சுமையோடு இருக்கக்கூடிய உச்ச எடை, "பெராட் தன்பா முவாத்தான்" வெறும் லோரியின் எடை. இரண்டும் பெயிண்டில் எழுதியிருக்கும். ஆலையின் எடைப்பாலச் சீட்டில் ஒவ்வொரு நடையின் மொத்த எடையும் அச்சாகிறது. மொத்த எடை முதல் எண்ணை மீறினால் சான்று நிறுவனத்தின் கோப்பிலேயே இருக்கிறது. யாரும் சாலையில் லோரியை நிறுத்தி நிறுக்கத் தேவையில்லை. சுமை கூடிய லோரிக்குப் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், ஸ்டேரிங் இணைப்புகள் தேயும். 2025 மே 13 தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதிக் கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் மாண்டார்கள். இந்த வட்டாரத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் கனரக வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டம் கட்டமாகக் கட்டாயமாகிறது. அது நெடுஞ்சாலை வேகத்துக்கானது. பள்ளி முன் 50இல் வரும் லோரியை அது தடுக்காது. அதனால்தான் ஒப்பந்த வரியை வலியுறுத்துகிறேன்.

---

பால்மரக்காடு எழுதியது:

3ஆவது கோரிக்கைக்கு: சட்டம் இருக்கிறது. சட்டம் 333இன் 39ஆம் பிரிவின்படி 16 வயதுக்குள் எந்த மோட்டார் வாகனமும் ஓட்டக்கூடாது, காருக்கு 17. 26ஆம் பிரிவு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுபவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் ஒன்றாகவே பிடிக்கிறது: 300 முதல் 2,000 ரிங்கிட், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சாவியைக் கொடுத்த அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இது பொருந்தும்.

தண்டனையைக் கூட்டச் சொல்வதைவிட 16 வயதானவர்களை முறையாக லைசென்ஸ் எடுக்க வையுங்கள் அம்மா, ஐயா. 250 சிசி வரைக்கும் பி2 வகை லைசென்ஸ். முதலில் கேபிபி01 என்ற சாலை விதி வகுப்பு, பிறகு கணினித் தேர்வு. 50 கேள்வியில் 42 சரியாக வேண்டும். மொழியைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் பையன்கள் மலாயிலேயே படித்துவிட்டு வந்தால் பலகைப் பெயர்கள் தடுமாறாது. தேறினால் எல் (பழகுநர்) லைசென்ஸ், பிறகு ஓட்டும் பயிற்சி, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சோதனை, 2 ஆண்டு பி (தற்காலிக) லைசென்ஸ். பணம்தான் பலருக்குத் தடை. குறைந்த வருமானக் குடும்பத்து இளைஞர்களுக்குப் போக்குவரத்து அமைச்சின் மைலெசென் பி2 உதவித் திட்டம் இருக்கிறது; இடம் திறக்கும்போது சீக்கிரம் நிரம்பிவிடும். சங்கம் பெயர்ப் பட்டியலையும் அடையாள அட்டை நகலையும் முன்கூட்டியே திரட்டி வைத்திருந்தால் பதிவு திறந்த அன்றே அனுப்பலாம். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் இதில் உதவ முடியும்.

14 வயதுப் பையனுக்கு எந்த லைசென்சும் கிடையாது. அவன் ஏன் மோட்டார் எடுக்கிறான் என்று பாருங்கள். இடைநிலைப்பள்ளி பேருந்து லயத்துக்குள் வருவதில்லை, சிம்பாங்கிலேயே நிற்கிறது என்றால் அந்த 1.2 கிலோமீட்டர்தான் காரணம். பேருந்துக்காரரை உள்ளே வரவைக்க முடியுமா என்று பேசுங்கள், அதற்குச் செம்மண் பாதையில் பேருந்து திரும்ப இடம் வேண்டும்.

---

செம்மண்சாலை எழுதியது:

உண்மைதான், பேருந்து சிம்பாங்கிலேயே நின்றுவிடுகிறது. கோயில் முன் திடலில் திரும்பலாம், கேட்டுப் பார்க்கிறோம்.

மனுவை நான்காகப் பிரிக்கிறோம். ஜேகேஆருக்குப் பார்வைத் தூரம், பலகை, கோடு, விளக்கு, வேக ஆய்வு. தோட்ட மேலாளருக்கு லோரி நேரம், 30 கி.மீ., மேடு, மரம், சேறு. போலீசுக்கு மூச்சுச் சோதனை. சட்டமன்ற உறுப்பினருக்கு 300 மீட்டர் நில ஒப்படைப்பும் லைசென்ஸ் உதவியும். ஒரு சந்தேகம்: மேலாளருக்கு எழுதும் கடிதத்தின் நகலை வேலையிடப் பாதுகாப்புத் துறைக்கும் முதலிலேயே அனுப்பலாமா?

---

கிராணிமேசை எழுதியது:

முதலிலேயே அனுப்ப வேண்டாம். மேலாளருக்கு 14 நாள் கொடுங்கள், 17ஆம் பிரிவைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். அலுவலக முத்திரையோடு பெற்றுக்கொண்ட கையெழுத்து உங்கள் நகலில் இருக்கட்டும். 15ஆவது நாள் பதில் இல்லை என்றால் அந்த நகலோடு துறைக்கும், நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். கடிதம் மலாயில் இருக்கட்டும், தமிழ்ப் பிரதி பெற்றோர்களுக்கு.

---

தார்மட்டம் எழுதியது:

ஜேகேஆர் கடிதத்தில் மேட்டுத்தடை என்ற சொல்லே வரவேண்டாம். அது வந்தால் "கூட்டரசு சாலையில் அனுமதி இல்லை" என்று அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடலாம். குச்சி நட்டு அளக்கும்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்யுங்கள், ஒருவர் சிவப்புத் துணியோடு சாலையைப் பார்த்தபடி நிற்கட்டும். இரு பக்கமும் அளக்க அரை மணி நேரம் போதும்.